ஆறு வயதுப் பலகை

லண்டன் நோர்பரியில் சந்திரகுமார் வீட்டுக் கூரைக்குக் கீழே கட்டிய அறை, கட்டி முடித்து ஐந்து மாதத்தில் ஒரு முழம் நீண்டுவிட்டது. வீடு நீளவில்லை. வெளியே நின்று பார்த்தால் அதே செங்கல் வரிசைவீடு, அதே ஓடு, இருபுறமும் அதே அயல்வீடுகள். உள்ளே மட்டும்தான் அறை பின்வளவுப் பக்கமாக நீண்டிருந்தது. முதலில் இதைக் கண்டது சந்திரகுமார்தான், அதுவும் பிழையாகக் கண்டான். சுவரோடு ஒட்டி விரித்த கார்ப்பெட்டுக்கும் சுவருக்கும் நடுவே பலகை தெரிய, கார்ப்பெட் சுருங்கிவிட்டது என்று முடிவுகட்டி, அதை விற்ற தோர்ன்டன் ஹீத் கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தான். கடைக்காரர் பொறுமையான மனுசன், தானே வந்து அளந்து பார்த்தார். கார்ப்பெட் விற்ற நீளத்திலேயே இருந்தது. "தம்பி, என்ரை சாமான் சரியாத்தான் கிடக்கு. உம்மடை வீட்டைத்தான் ஆரோ இழுத்திருக்கினம்" என்று சொல்லிவிட்டு, போட்ட தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு அறை நீளுவது அந்த வீட்டில் ஒரு வழமையாகிப்போனது. கோடையில் வேகம் பிடிக்கும், குளிரில் மந்தமாகும். மரத்தின் குணம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். தொங்கலில், கடைசிச் சுவரில் இருந்த ஜன்னல் வரவர எட்டப் போனது, ஆனால் அதால் எட்டிப் பார்த்தால் தெரிவது பழைய பின்வளவும் அயலவரின் துருப்பிடித்த சைக்கிளும்தான். இரண்டாம் வருடம் கட்டிடம் பார்க்கிற கவுன்சில் அதிகாரி ஒருவர் வந்தார். வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், பிறகு படிக்கட்டில் இருந்து ஆறுதலாக ஒரு பிஸ்கற் சாப்பிட்டார். வீடு வெளிப்பக்கம் பெருத்தால்தான் அனுமதி எடுக்கவேண்டும், உட்பக்கம் பெருப்பதற்குத் தங்களிடம் விதி எதுவும் இல்லை என்றார். நல்லதொரு அறை என்று பாராட்டிவிட்டும் போனார்.

அறையின் நிலத்துக்குப் போட்ட பலகையைத் தெரிந்தெடுத்தது சந்திரகுமாரின் மனைவி தயாளினி. அவள் குரோய்டனுக்கு அங்காலே ஒரு பரிசோதனைக்கூடத்தில் பலகை உடைக்கிற வேலை செய்தாள். பலகையின் இரண்டு தொங்கலையும் தாங்கிவிட்டு, நடுவில் இயந்திரத்தால் அழுத்தி, எவ்வளவு பாரத்தில் எவ்வளவு தொய்கிறது, எதில் உடைகிறது என்று பார்க்கிற வேலை. அவளிடம் வந்தவை பெரும்பாலும் தோட்டத்து யூக்கலிப்டஸ் பலகைகள். தென்னமெரிக்காவில் எங்கேயோ நெருக்கி நெருக்கி நட்டு, ஆறு வருடத்தில் ஓங்கி வளரவைத்து, ஏழாம் வருடத்தைக் காட்டாமலே வெட்டிவிடுகிற மரம். அதைத் தாள்தாளாக உரித்து, ஒரு தாளுக்கு அடுத்த தாள் குறுக்காக வரும்படி அடுக்கி, பசை பூசி, சூட்டில் அழுத்தினால் ஒட்டுப்பலகை. ஆறு வயது மரமெல்லாம் ஒரு மரமா, நூறு வருட ஓக்குக்கு முன்னால் நிற்குமா என்று யாராவது கேட்டால் தயாளினிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அவள் கையால் உடைத்துப் பார்த்தவள். அந்தப் பலகைகள் கேட்ட பாரத்துக்கு மேலேயே தாங்கின. தாங்க முடியாமல் போகும்போதும் மரியாதையாகத் தொய்ந்து, முனகி, டக் டக் என்று எச்சரித்துவிட்டுத்தான் உடைந்தன. தொய்கிற பலகை பேசுகிற பலகை, தொய்யாமல் நின்று ஒரேயடியாக உடைகிறதுதான் ஆளைக் கொல்லும் என்பது அவள் வேலையில் படித்த பாடம். பரிசோதனை முடிந்து மிஞ்சிய பலகைகளையும், அதே மரத்தில் செய்த உத்தரங்களையும் கூடத்தில் எறியப் பார்க்க, சந்திரகுமார் தன் வான் வண்டியைக் கொண்டுபோய் ஏற்றிவந்தான். டென்மார்க்கில் இருந்த காலத்தில் பழகிய தச்சுவேலையை வைத்து லண்டனில் சமையலறைகள் பொருத்திக்கொடுத்துப் பிழைக்கிறவன், தன் வீட்டு மேல்மாடியைத் தானே கட்டினான்.

மகள் மேனுஷாவுக்காகத்தான் கட்டினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை, கட்டிலும் மேசையும் வைத்தால் கால் வைக்க வழியில்லாத குட்டி அறையில் படுத்தாள். அந்தக் குட்டி அறைக்கு நேர் மேலேதான் புது அறை. ஆனால் அவள் மேலே குடிபோகுமுன்னே ஊர் குடிவந்துவிட்டது. அதற்குக் காரணம் சந்திரகுமாரின் வாய்.

லண்டன் தமிழர் வீடுகளில் 'இடமில்லை' என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. முன்னறை சோபா சும்மாதான் கிடக்கிறது என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இருந்தாலும், "ஐயோ, இடமில்லையே, இல்லாட்டி உங்களை விடுவமே" என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் முகம் கெடாமல் போனை வைக்கலாம். அந்தப் பொய் இல்லாவிட்டால் பாதிச் சொந்தம் அறுந்துபோயிருக்கும். சந்திரகுமார் அந்தச் சொல்லைத் தன் வீட்டிலிருந்து தானே துரத்தினான். கலியாணவீடு, சாமத்தியவீடு, ஆர்ச்வே முருகன் கோயில் வீதி, எங்கே போனாலும் போனை நீட்டிப் படம் காட்டி, "போன மாசம் இந்தச் சுவர் இதிலை நிண்டது, இப்ப பாருங்கோ" என்றான். மேலே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டாத ஆள் இல்லை. வீடு நீளுகிற ஒருவனிடம் இடம் கேட்டால் அவன் என்ன சொல்லித் தப்புவான்?

முதலில் கனகாம்பிகை வந்தார். சந்திரகுமாரின் பெரியம்மாவின் மகள், முறைக்கு அவனுக்கு அக்கா, தயாளினிக்கு மச்சாள். பிரான்சில் இருபது வருடம் இருந்து, புருசன் போனபிறகு லண்டனுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஷிப்ட் வேலை செய்தவர். வாய் கொஞ்சம் காரம். இரண்டு கிழமைக்கு என்றுதான் வந்தார். பிறகு குலசேகரம் வந்தார், டென்மார்க்கில் சந்திரகுமாரோடு ஒரே கட்டிடத்தில் இருந்தவர். கிங்ஸ்பரியில் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட, மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக வந்து இறங்கினார். குலசேகரம் எதையும் நேரே கேட்கத் தெரியாத மனுசன். உப்பு வேண்டுமென்றாலும் முதலில் மழையைப் பற்றிக் கதைப்பார், பிறகு ரயில் ஸ்ட்ரைக், பிறகு உடம்பு சுகம், கடைசியில் எழும்பிப் போகும்போதுதான் உப்பு வரும். அவருக்குப் பின்னால் தாதி வேலைக்குப் படிக்கிற கம்சிகா, அவளுக்குப் பின்னால் கம்சிகாவின் சிநேகிதிகள், பிறகு யாருடைய யார் என்று வீட்டுக்காரருக்கே தெரியாத இரண்டு குடும்பம். சேலையைக் கயிற்றில் கட்டி மறைத்து ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். காலையில் எழும்பினால் பக்கத்துக் குடும்பம் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும். அந்தச் சாணுக்குள் அடுத்த மாதம் இன்னொரு பெட்டி வந்துவிடும்.

சந்திரகுமாருக்கு உச்சி குளிர்ந்தது. தயாளினிக்கு நித்திரை போனது. ஒரு தளத்தின் நீளம் இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்கு என்பது அவளுக்கு வாய்ப்பாடு. மேலே இருப்பது ஆட்கள் மட்டுமல்ல, அவர்களின் பெட்டிகள், அரிசி மூட்டைகள், ஒரு குளிர்சாதனப்பெட்டி, குலசேகரத்தின் மூத்த பிள்ளையின் மிருதங்கம். எல்லாவற்றுக்கும் கீழே மேனுஷாவின் கட்டில். வேலையால் வந்ததும் சந்திரகுமாரின் கட்டிடநூலை எடுத்துக்கொண்டு மேலே போவாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நிலத்தோடு ஒட்டி இழுத்துப் பிடிப்பாள். நிலம் தொய்ந்திருந்தால் நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடைவெளி தெரியவேண்டும். மயிரிழைகூடத் தெரியவில்லை. அவளுக்கு அதுதான் பயம். இவ்வளவு பாரத்துக்கும் ஒரு சொல்லுச் சொல்லாத பலகையை அவள் தன் வேலையில் கண்டதில்லை.

"தொய்யேல்லையெண்டால் சந்தோசப்படு. அதுக்கும் பயமோ?" என்றான் சந்திரகுமார்.

"தொய்ஞ்சால் எனக்குத் தெரியும். தொய்யாட்டி எப்ப உடையுமெண்டு ஆர் சொல்லுறது? கீழை பிள்ளையெல்லோ படுக்கிறாள்."

"நீ நாள் முழுக்க உடைக்கிறனி. அதுதான் காணுறதெல்லாம் உடையுமெண்டு நினைக்கிறாய்."

அன்றைக்கு அவள் அவனோடு சாப்பிடவில்லை. அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதுதான் அவளை இன்னும் எரித்தது.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேனுஷாவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது தயாளினி மயிருக்குள் வெள்ளையாக ஏதோ கண்டாள். பள்ளிக்கூடத்தில் ஈர் தொத்தியிருக்கிறது என்று நினைத்து, "ஆரோடை தலையை முட்டிக்கொண்டு இருந்தனீ?" என்று பிள்ளையை ஏசியபடி நகத்தால் உருவினாள். நகத்தில் மாவாக உதிர்ந்தது. ஈர் உதிராது. "அது மேலையிருந்து விழுறதம்மா. கனநாளா விழுது. ஸ்னோ மாதிரி, எனக்கு விருப்பம்" என்றாள் மேனுஷா. தயாளினி சீப்பைப் போட்டுவிட்டுக் குட்டி அறைக்கு ஓடினாள். கட்டிலுக்கு நேர் மேலே சீலிங்கில் மெல்லிய வெடிப்பு ஒன்று, தலையணைக்கு மேலே தொடங்கிக் கால்மாடு வரைக்கும் ஓடியது.

அவள் தேத்தண்ணி ஊற்றினாள். எல்லாருக்கும் ஊற்றித் தட்டில் வைத்து மேலே கொண்டுபோனாள். எல்லாரும் எடுக்கும்வரை நின்றாள். பிறகு, "நிலம் தாங்காது. நான் உந்த வேலை செய்யிறனான், எனக்குத் தெரியும். ரெண்டு கிழமைக்குள்ளை எல்லாரும் வேறை இடம் பாருங்கோ" என்றாள். கனகாம்பிகை குடிக்காத கோப்பையைத் தட்டில் திருப்பி வைத்தார். "தாங்காதது நிலமோ, நீயோ?" என்று கேட்டார். குலசேகரம் அன்றைக்கு மழையைப் பற்றிக் கதைக்கவில்லை. "இனி இந்த வாசல் மிதிக்கமாட்டன்" என்று நேரே சொன்னார். இரண்டு கிழமை தேவைப்படவில்லை, ஐந்தாம் நாளே கடைசிப் பெட்டியும் இறங்கிவிட்டது. கனகாம்பிகை கிங்ஸ்பரியில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தார். கம்சிகா ஆர்ச்வேயில் யாருடையதோ சோபாவுக்குப் போனாள். குலசேகரம் குடும்பத்தோடு எங்கே போனார் என்று சொல்லவில்லை. சந்திரகுமார் தயாளினியோடு கதைப்பதை நிறுத்தினான். "அம்மாட்டைச் சொல்லு, கறிக்கு உப்புக் காணாதெண்டு" என்று மேனுஷா மூலம்தான் எல்லாம் நடந்தது.

வெறுமையான அறை முதல் கிழமையே சுருங்கத் தொடங்கியது. சுவர் உள்ளே வர, கார்ப்பெட்டுக்கும் சுவருக்கும் நடுவே தெரிந்த பலகை குறுகிக்கொண்டு வந்தது. தயாளினி முதலில் ஆறுதல்பட்டாள், இனிப் பிள்ளைக்கு அளவான அறையாக வரும் என்று. பழக்கதோசத்தில் நூலைப் பிடித்துப் பார்த்தாள். நூலுக்குக் கீழே விரல் போனது. அடுத்த நாள் உள்ளங்கை போனது. மேலே ஒரு தலையணைகூட இல்லை, நிலம் தொய்கிறது! அவள் நூலை இறுக்கி இறுக்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் படித்த கணக்கில் இதற்கு இடமே இல்லை.

மேனுஷாவை முன்னறைச் சோபாவுக்கு மாற்றினார்கள். சந்திரகுமார், பாரமில்லாமல்தான் பலகை நெளிகிறது என்று பிள்ளை மூலம் சொல்லி அனுப்பிவிட்டு, வானில் மணல் மூட்டை கொண்டுவந்து மேலே அடுக்கினான். இரண்டு நாளில் மூட்டைகளெல்லாம் நடுவுக்கு உருண்டன. குட்டி அறையின் சீலிங் பிள்ளையை நித்திரையாக்குகிற ஏணைபோலத் தொங்கி, மின்குமிழ் தலையணையில் வந்து முட்டியது. கீழே இரும்புக் கால்களை நிறுத்தி முட்டுக்கொடுத்தான். காலையில் பார்த்தால் கால்கள் வளைந்திருந்தன. படிக்கட்டுச் சுவரில் ஒரு வெடிப்பு வாசல்வரை இறங்கி வந்தது. கவுன்சிலுக்குச் சொன்னால் வீட்டைப் பூட்டி மூன்று பேரையும் வெளியே விட்டுவிடுவார்கள், பிறகு அவர்கள்தான் போனை எடுத்து யாரிடமாவது இடமிருக்கோ என்று கேட்கவேண்டும். என்ன பதில் வரும் என்று தயாளினிக்குத் தெரியும். லண்டனில் அந்தப் பதிலை எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்.

மேலே போட்ட பலகைகளில் மிஞ்சிய ஒரேயொரு பலகை பின்வளவுக் கொட்டிலுக்குள் கிடந்தது. வெள்ளிக்கிழமை தயாளினி அதைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம் இயந்திரத்தில் ஏற்றினாள். பாரத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வீட்டில் நடந்ததேதான் நடந்தது, அசையாத பாரத்துக்குக் கீழே பலகை மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போனது. உடைக்கவேண்டிய கட்டம் வந்தபோது அவளுக்குக் கை வரவில்லை. இவ்வளவு காலம் பலகை உடைத்துச் சம்பளம் எடுத்தவள், இந்த ஒன்றை உடைக்க ஏலாமல் பாரத்தை எடுத்தாள். மனதைத் திடப்படுத்தித் திரும்ப வைத்தாள், திரும்ப எடுத்தாள். வைத்தும் எடுத்தும் அப்படியே எத்தனை தரம் நின்றாளோ, பார்த்தால் தொய்ந்த பலகை நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்தது மட்டுமல்ல, தாங்கிக்கு வெளியே ஒரு விரல் நீண்டிருந்தது. அவளுடைய மேலாளர் வந்து பார்த்துவிட்டு, இயந்திரம் பிழைபோல, திங்கட்கிழமை ஆள் வரச்சொல்வோம் என்றார். தயாளினியின் காதில் அது ஏறவில்லை. நெருக்கி நட்ட மரங்கள். காற்றில் ஆடி ஆடித்தான் மரம் பெலக்கும், இவற்றுக்கு நடுவில் காற்று நுழையாது. ஆறு வருடம் நின்ற இடத்தில் நின்று, யாரும் அசைக்காமலே வெட்டுப்பட்டவை. அவற்றை வந்து வந்து அசைத்தது குலசேகரத்தின் பிள்ளைகளும், ஷிப்ட் முடிந்து வந்து கால் ஆறாமல் நடக்கிற கனகாம்பிகையும், சந்திரகுமார் படம் காட்டக் கூட்டிவந்த ஊர்ச்சனமும்தான். கோடையில் அறை நீண்டதற்குக் காரணம் வெயில் இல்லை, கோடையில்தான் விருந்தாளிகள் வருவார்கள். மேனுஷாவின் தலையில் உதிர்ந்ததும் நீளுகிற நிலம் இழுத்த சீலிங் பூச்சுத்தான், உடைவின் அறிகுறி இல்லை. ஆட்களை அனுப்பியது பிழை, பெரிய பிழை என்று அவளுக்குத் தெளிவாக விளங்கியது.

சனிக்கிழமை காலை அவள் புருசனைப் பார்த்து நேரே கதைத்தாள். "இஞ்சாருங்கோ, மணலை இறக்குங்கோ. நாங்கள் நடப்பம்." சந்திரகுமார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டைகளை இறக்கினான். பிறகு இருவரும் அந்தக் குழிந்த தளத்தில் சுவருக்குச் சுவர் நடந்தார்கள். இரண்டு கிழமையாகக் கதைக்காத புருசனும் பெண்சாதியும் எதிரும் புதிருமாக நடந்தார்கள், நடுவில் சந்தித்து விலகி, திரும்பி வந்து திரும்பச் சந்தித்தார்கள். கீழே இரு என்று சொன்ன பிள்ளையும் ஏறி வந்து குதித்தாள். நிலம் ஒரு விரல் எழும்பியது. பாண் சாப்பிட இருந்த நேரத்துக்குள் இரண்டு விரல் இறங்கியது. கதவுநிலை நெரிந்து ஒரு பக்கம் முனகியது. மூன்று பேரின் நடை காணாது, இன்னும் ஆள் வேண்டும்.

தயாளினி போனை எடுத்தாள். தன் வாழ்க்கையில் அவ்வளவு பாரமான சாமானைத் தூக்கியதில்லை என்று பிற்காலத்தில் சொல்லுவாள். கம்சிகா, "ஓகே அக்கா, ஷிப்ட் முடிய வாறன்" என்று ஒரு கேள்வியும் கேட்காமல் வைத்தாள். குலசேகரம் குரலைக் கேட்டதும் வெட்டிவிட்டார். திரும்ப எடுத்தாள், மணி அடித்து அடித்து நின்றது. பிறகு கனகாம்பிகை.

"மச்சாள், நிலம் தொய்யுது. ஒருக்கா வாங்கோ."

"நான் இருந்தால் தாங்காதெண்டாய். இப்ப நான் இல்லாட்டித் தாங்காதோ?"

"ஓம் மச்சாள்."

"நீ மன்னிப்புக் கேக்கிறியோ, ஆள் கேக்கிறியோ?"

"ரெண்டும்" என்றாள் தயாளினி.

கனகாம்பிகை வந்துசேர மத்தியானம் திரும்பிவிட்டது. அதற்குள் படிக்கட்டு வெடிப்புக்குள் விரலை விடலாம், குட்டி அறைச் சீலிங் கட்டிலில் படுத்துவிட்டது, மேல்கதவு இறுகிச் சந்திரகுமார் தோளால் இடித்துத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். கனகாம்பிகை சமையலறை உடுப்போடு, பெட்டியும் கையுமாகப் படியேறி வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். குழிக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினார், நடந்துகொண்டே ஏசத் தொடங்கினார். தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினவளே என்று தயாளினியை ஏசினார். பெண்சாதி சொல்ல மரம்மாதிரி நிண்டவனே என்று தம்பியை ஏசினார். கிங்ஸ்பரி அறையின் ஈரத்தை, பிரான்சில் தன்னைக் கைவிட்ட மச்சானை, செத்துப்போன புருசனை, ஆஸ்பத்திரி மேலாளரை, ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு ஏச்சுக்கும் ஒரு நடை. சந்திரகுமார் கீழே ஓடிப் பார்த்துவிட்டு, "எழும்புது! அக்கா, நிப்பாட்டாதேங்கோ, ஏசுங்கோ!" என்று கத்தினான். பின்னேரத்துக்குள் கம்சிகாவும் சிநேகிதிகளும் வந்தார்கள். யாருடைய யார் என்று தெரியாத இரண்டு குடும்பமும் பிள்ளைகுட்டிகளோடு வந்தது. கடைசியாகக் குலசேகரத்தின் மூன்று பிள்ளைகள் மட்டும் தகப்பன் இல்லாமல் வாசலில் வந்து நின்றார்கள், அம்மா அனுப்பினவ என்று. பிள்ளைகள் ஓடிப்பிடித்தார்கள். மேனுஷா விளக்கு வைக்கிற நேரம் நூலைப் பிடித்துப் பார்த்து, "ஒட்டுதம்மா" என்றாள். தயாளினி படிக்கட்டில் இருந்து வாய்விட்டு அழுதாள். கனகாம்பிகை அவளைத் தாண்டி இறங்கிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். "குடி. நான் அண்டைக்குக் குடிக்காமல் வைச்சதை நீ குடி" என்றார்.

குலசேகரத்தின் பிள்ளைகளை ஏற்றிப்போக அவர் மனைவி வந்தாள். அவர் வரவில்லை, தெருமுனையில் காருக்குள் இருந்தார். இனி வாசல் மிதிக்கமாட்டன் என்று வாயால் சொல்லிவிட்ட மனுசன்.

அதன் பிறகு அந்த வீட்டில் சில ஒழுங்குகள் வந்தன. ஒருவர் போவதென்றால் இன்னொருவர் வந்தபிறகுதான் போவார். வெளிநாட்டுக் கலியாணமென்று எல்லாரும் ஒன்றாகப் போகிற கோடையில், சந்திரகுமார் ஒரு நடனவகுப்பைச் சும்மா மேலே விட்டுவிடுவான். பிள்ளைகள் தட்டடவு போடப் போட, திரும்பி வருகிறபோது அறை இன்னும் இரண்டு அடி கூடியிருக்கும். மேனுஷாவுக்கு ஜன்னலோரம் நீலச் சேலை கட்டிய ஒரு மூலை கிடைத்தது. படிக்கட்டு வெடிப்பு தானாகவே பொருந்திவிட்டது, பூச்சு மட்டும் புதிதாகப் பூசினார்கள். கவுன்சில் அதிகாரி இன்னொருமுறை வந்து, இந்த முறை இரண்டு பிஸ்கற் சாப்பிட்டார். ஆறு வயதில் வெட்டுப்பட்ட மரத்துக்கு இப்போது பத்து வயது ஆகிறது. தயாளினி வேலையிலிருந்து வந்ததும் நூல் பிடிப்பதை விடவில்லை.

போன தை மாதம், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. குலசேகரம். இத்தனை நாளுக்குப் பிறகு, ஒன்றும் நடவாததுபோலப் பனியைப் பற்றிக் கதைத்தார். நோர்பரியிலும் இப்படித்தானோ என்று கேட்டார். ரயில் ஸ்ட்ரைக்கைப் பற்றிக் கதைத்தார். மேனுஷா இப்ப எத்தனையாம் வகுப்பு, சந்திரனுக்கு முழங்கால் நோ சுகமோ என்றெல்லாம் கேட்டார். பின்னால் பெட்டி இழுக்கிற சத்தமும், பிள்ளைகளை அமர்த்துகிற தாயின் குரலும் கேட்டன. தங்களிருக்கிற இடத்தை மாதக் கடைசியில் விடவேண்டும் என்று அவர் மனைவி கனகாம்பிகையிடம் ஏற்கெனவே சொல்லி அழுதிருந்தது தயாளினிக்குத் தெரியும். அவர் உடம்பு சுகம்வரை வந்துவிட்டு அதற்கு மேல் போக ஏலாமல் திரும்பப் பனிக்குப் போனார். "சரி, அப்ப வைக்கட்டே" என்றார்.

"பொறுங்கோ அண்ணை, வைக்காதேங்கோ" என்று தயாளினி போனைக் காதில் பிடித்துக்கொண்டே மேலே ஏறினாள். நூலின் ஒரு தொங்கலைக் கனகாம்பிகையிடம் கொடுத்து, மற்றத் தொங்கலை இழுத்துக்கொண்டு சேலைகளுக்குக் கீழாலும் பெட்டிகளுக்கு நடுவாலும் போய் எட்டக் கிடந்த சுவரில் வைத்து அழுத்தினாள். குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நூல் பலகையோடு பலகையாகக் கிடந்தது, மயிரிழைகூட இடைவெளி இல்லை.

"நிலம் தொய்யுது அண்ணை" என்றாள். "எங்களாலை மட்டும் ஏலாமல் கிடக்கு. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு கெதியா வாங்கோ."

நூலின் அந்தத் தொங்கலில் நின்ற கனகாம்பிகை பலகையைப் பார்த்தார், தயாளினியைப் பார்த்தார், பிறகு தன் தொங்கலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். குலசேகரம் தொண்டையைச் செருமினார். நிலமெண்டால் அப்படி விடக்கூடாது, ஆபத்தெல்லோ, தான் வந்து பார்க்கிறன் என்றார். அன்று பின்னேரமே வந்தார், வாசலில் ஒரு கணம் நின்றார், பிறகு மிதித்தார். அடுத்த நாள் தயாளினி நூலைப் பிடித்தபோது அது சுவருக்கு எட்டவில்லை. வேலைக்குப் போன சந்திரகுமாருக்குப் போன் எடுத்து, வரும்போது நூல் வாங்கிக்கொண்டு வரச்சொன்னாள், நீளமானதாகப் பார்த்து.